எழுபத்தைந்தும் எட்டும்

அந்தச் சாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது கரண்டிக் காம்புதானே? அப்படியானால் நீங்கள் கல்யாணச் சமையல். நினைத்தேன். தூத்துக்குடியில் நாளைக்கு முகூர்த்தமா? நல்லது அண்ணாச்சி. மண்டபத்துக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டீர்களா? இல்லை, சும்மா கேட்டேன். சும்மா இல்லை, காரணம் இருக்கிறது. பஸ் இப்போதுதான் அருப்புக்கோட்டையைத் தாண்டியிருக்கிறது, நீங்களும் தூங்குகிற ஆளாகத் தெரியவில்லை. சொல்கிறேன்.

நானும் ஒரு வகையில் கல்யாண மண்டபத் தொழில்தான். வீட்டில் உட்கார்ந்தபடி போனிலேயே மண்டபம் பிடிக்கிறார்களே, அந்த மென்பொருள். மதுரையில் ஒரு சிறிய நிறுவனம். பெயர் வேண்டாம். பதினேழு வருடமாக இருக்கிறேன். திரையில் தெரிகிற பூவும் கோலமும் என் வேலை இல்லை. அவற்றுக்குப் பின்னால் எங்கள் கணினி மண்டபக்காரர்களுடைய கணினியிடம் போய்க் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிவர வேண்டும். அந்தப் போய்வருகிற வேலைக்கு ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் யார் எதை எழுதினாலும், வெளியே பேசுவதற்கு அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்குத் தூது என்று பெயர் வைத்தேன். மேகம், கிளி, நாரை என்று எதையெல்லாமோ தூது அனுப்பிய மொழி நம்முடையது. ஒன்றுதான் வித்தியாசம். எந்தக் கிளியும் போன இடத்திலேயே அடுத்த செய்திக்காகக் காத்து நின்றதாக நான் படித்ததில்லை. என் தூது நிற்கும்.

அதுதான் விஷயம், நிற்பது. தாலுகா ஆபீசுக்குப் போயிருப்பீர்கள். வரிசையில் நின்று, சன்னலுக்கு வந்து, யார், எந்த ஊர், அட்டையைக் காட்டு என்பதெல்லாம் முடிந்து ஒரு கேள்வி கேட்கிறீர்கள். பதில் வருகிறது. அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தால், போய் மறுபடி வரிசையில் வாருங்கள் என்கிறார். ஆதிகாலத்தில் கணினிகள் இப்படித்தான் பேசிக்கொண்டன. பிறகு யாருக்கோ புத்தி வந்தது: பதில் வாங்கியபிறகும் சன்னலை விட்டு நகராமல் நின்றால் அடுத்த கேள்விக்கு வரிசை வேண்டாமே? அதுதான் நீடித்த இணைப்பு. நிலைத்த இணைப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. நிலைத்தது போகாது. இது நீடிக்கும், பிறகு போய்விடும். சொல்லைச் சரியாகப் போட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் கட்சி.

தூது இப்படி இருபது சன்னல்களில் ஆள் நிறுத்தி வைத்திருக்கும். யாருக்குக் கேள்வி இருந்தாலும் சும்மா நிற்கிற ஓர் ஆளிடம் கொடுத்து உள்ளே தள்ளச் சொல்லும். இதில் ஒரே ஒரு முடிவுதான் எடுக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் ஒருவன் எவ்வளவு நேரம் சன்னலில் நிற்கலாம்?

எழுபத்தைந்து வினாடி. நான் வைத்த எண். வாய்க்கு வந்ததை வைக்கவில்லை. பெண்ணின் அப்பா ஒருவர் போனை எடுத்து, பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, எத்தனை இலை என்று ஒற்றை விரலால் தட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாற்பது நாள் அளந்தேன். சராசரி எழுபத்தொன்று. நாலு வினாடி மரியாதைக்குச் சேர்த்தேன். அவர் தட்டி முடிக்கும்வரை இணைப்பு அவருக்காகத் திறந்து நிற்கும். அழகாக இல்லையா? எனக்கு அழகாக இருந்தது.

மிராண்டாவுக்கு அழகாக இல்லை. கிளமென்ட் மிராண்டா, தூத்துக்குடிப் பையன். பையன் என்ன பையன், முப்பத்தொரு வயது. தூது விஷயத்தில் எனக்கு உதவியாகப் போட்டிருந்தார்கள். என்னை அண்ணே என்பார். நான் அவரை நீங்கள் என்றுதான் சொல்வேன், அலுவலகத்தில் எல்லோரையும் அப்படித்தான். ஒரு வாரம் ஒன்றுமே எழுதாமல் தூது போகிற வருகிற கணக்கையெல்லாம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, அவங்க பக்கம் அறுபது செகண்டுல எந்திரிச்சுப் போயிடுறாங்க. சொல்லிட்டுப் போறதில்ல. நம்ம ஆளு பதினஞ்சு செகண்டு வெறுஞ்சன்னல்ல நிக்கிறான்."

சொல்லாமல் எப்படிப் போவார்கள் என்று கேட்டேன். மூடினால் மூடிவிட்டேன் என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும், அது விதி. நடுவில் ஒரு காவல் கணினி இருக்கிறது, அந்தச் செய்தி நம் பக்கம் வருவதில்லை என்றார். எனக்கும் கொள்கை என்று ஒன்று உண்டு அண்ணாச்சி: மூடிவிட்டேன் என்று எதிர்முனை சொல்லாதவரை திறந்திருப்பதாகத்தான் கொள்ள வேண்டும். அதைத் தூதின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தேன். அதைக் காட்டினேன்.

"போனை வச்சிட்டாங்கன்னு தெரியாம பேசிட்டே இருக்கிற மாமா மாதிரி இருக்குண்ணே நம்ம தூது" என்றார். பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் ஒரு திருத்தம் எழுதியிருந்தார். எட்டு வினாடிக்கு மேல் சும்மா நின்ற இணைப்பை நம்பக் கூடாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வரிசையில் நின்று புதிதாகப் போக வேண்டும். அதனால் கால் வினாடி தாமதம். ஒரு கொட்டாவிகூட இல்லை. இன்னொன்று: மண்டபத்தைப் பிடி என்கிற மாதிரிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், தூது தானாக இரண்டாம் முறை அனுப்பக் கூடாது. என் தூது அனுப்பும். பதில் வரவில்லை என்றால் போய்ச் சேரவில்லை என்றுதானே பொருள்? இல்லையாம். சன்னல்காரர் உங்கள் தாளை வாங்கிப் பதிவும் செய்துவிட்டு, பதில் சொல்வதற்குள் எழுந்து போயிருக்கலாமாம்.

அவர் திருத்தத்தைப் படித்துப் பதினான்கு குறிப்புகள் எழுதினேன். ஒன்பது நிறுத்தற்குறிகளைப் பற்றியவை. மீதி ஐந்தில் எழுபத்தைந்து எப்படி வந்தது என்று விளக்கினேன். அதற்குள் அவருடைய எட்டு மட்டும் சோதனைக்காகத் தூதுக்குள் ஏறியிருந்தது. அதை எடுத்துவிட்டு எழுபத்தைந்தைத் திரும்ப வைக்க வேண்டும். இங்கே எங்கள் அலுவலகப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், நான் ஏற்படுத்தியதுதான். யார் ஒரு மாற்றத்தைச் செய்தாரோ அவர் கையாலேயே அதைத் திருப்ப வேண்டும். பிறத்தியார் திருப்பக் கூடாது. தன் கையால் திருப்பினால்தான் பாடம் மனதில் நிற்கும்.

"நீங்களே மாத்திருங்கண்ணே. எனக்கு மனசு வரல" என்றார்.

பழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். நான் பக்கத்தில் நின்றேன். எட்டை அழித்தார். ஏழு தட்டினார், ஐந்து தட்டினார். "சேவ் பண்ணவா?" என்று என்னைப் பார்த்தார். பண்ணுங்கள் என்றேன். ஜூன் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. அந்த வரிக்குப் பக்கத்தில் அவர் பெயரும் தேதியும் தானாக ஏறிக்கொண்டன. கணினி அப்படித்தான். கடைசியாகத் தொட்டவர் பெயரை வைத்துக்கொள்ளும். யார் சொல்லித் தொட்டார் என்று அதற்குத் தெரியாது.

கடலையா? வேண்டாம் அண்ணாச்சி, பல் சரியில்லை. நீங்கள் சாப்பிடுங்கள்.

ஆவணி முதல் முகூர்த்தம். மண்டபம் பிடிக்க அவ்வளவு கூட்டம் அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. கூட்டம் அதிகமானால் அவசரத்தில் தட்டுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நேர்மாறு. நட்சத்திரம் பார்த்து, மாமனைக் கேட்டு, மச்சானைக் கேட்டு, அறுபது வினாடியைத் தாண்டித்தான் பொத்தானை அழுத்தினார்கள். தூது தாளை உள்ளே தள்ளியது. மற்ற நாட்களில் வெறுஞ்சன்னலில் தள்ளிய தாள் தொலைந்துபோகும், இரண்டாம் முறை சரியாகப் போய்விடும். இந்தக் கூட்டத்தில் சில சன்னல்களில் அந்தப் பக்கம் தாளை வாங்கி, மண்டபத்தைப் பிடித்தும் வைத்துவிட்டது. பதில் வரவில்லை. தூது அதே தாளை இன்னொரு முறை தள்ளியது. அப்போது பதில் வந்தது: அந்தத் தேதியில் மண்டபம் இல்லை, ஏற்கெனவே பிடித்தாயிற்று. யார் பிடித்தது? அவர்களேதான். அது அவர்களுக்குத் தெரியாது. போனைப் பார்த்து வருத்தப்பட்டு வேறு இடம் தேடிப் போனார்கள்.

இப்படிப் பதினோரு மண்டபங்கள். முகூர்த்த நாளில் வாசலில் வாழைமரம் கட்டி, நாற்காலி போட்டு, தண்ணீர்த் தொட்டி நிரப்பி, ஆள் வரவில்லை. திருமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் சமையலும் அவர்களுடையதே. நானூறு இலைக்கு நறுக்கி, சாம்பார் கொதித்துவிட்டது. காலை எட்டு மணி வரை அந்தச் சமையல்காரர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு அடுப்பை அணைத்தாராம்.

ஆமாம், நீங்கள் சொல்வது சரி. முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கணினியில் பதிவானதை யாரும் போனில் கேட்பதில்லை அண்ணாச்சி. இருக்கிறது என்று இருந்துவிடுவார்கள். கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று மிராண்டாவும் சொன்னார், வேறு சொற்களில்.

பத்துக் குடும்பங்களுக்கு ஏதோ கோயில், ஏதோ பள்ளிக்கூடம் என்று இடம் கிடைத்தது. ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆவணியில் அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. பிறகும் நடக்கவில்லை என்று கேள்வி. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம்.

எனக்கு என்ன தோன்றியது என்றா? ஒன்றும் தோன்றவில்லை. பதினோரு பெயரையும் ஒரு தாளில் அகரவரிசையில் எழுதினேன். அது ஞாபகம் இருக்கிறது.

எங்கள் மேலாளர் கனகவல்லி மேடம் என்னைக் கூப்பிட்டார். மண்டபக்காரர்கள் கொதித்துப்போயிருந்தார்கள், மேடத்துக்கு ஒரு பதில் வேண்டும். அந்த எழுபத்தைந்து என்கிற வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று கேட்டார். அதுதான் கேள்வி. கிளமென்ட் மிராண்டா, ஜூன் பதினான்கு என்றேன். அதில் ஓர் எழுத்து பொய் இல்லை. யார் மாற்றச் சொன்னது என்று கேட்டிருந்தால் அதற்கும் பதில் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் தொழில்.

மிராண்டாவை ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். போகும்போது என் மேசைப் பக்கம் வந்தார். நான் போனில் இருந்தேன். கையைக் காட்டினேன். அவரும் காட்டினார்.

கார்த்திகையில் அழைத்தார். "அண்ணே, பெங்களூர்ல ஒரு எடம் அமைஞ்சிருக்கு. பழைய ஆபீஸ்ல விசாரிப்பாங்க. அந்த எழுபத்தஞ்சு நான் வச்சதில்லன்னு மேடத்துக்கு ஒரே ஒரு வரி போடுங்கண்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

போடுகிறேன் என்றேன். அன்றைக்கே எழுதவும் தொடங்கினேன். ஆனால் பாருங்கள், 'அந்த எண்ணை நான் வைத்தேன்' என்று எழுத முடியாது. முதலில் வைத்தது நான், கடைசியாக வைத்த கை அவருடையது. 'நான் வைக்கச் சொன்னேன்' என்றால் அவர் கட்டாயப்படுத்தப்பட்டார் என்று வரும். நான் கட்டாயப்படுத்தவில்லை, பழக்கத்தைச் சொன்னேன். ஒரு வரிதான், ஆனால் உண்மையான வரி வேண்டும். உண்மை சொல்வதில் அவசரம் கூடாது. அனுப்பாத கடிதமாக அது அப்படியே திறந்து இருந்தது. தினமும் ஒருமுறை பார்ப்பேன்.

இரண்டாம் முறை அழைத்தார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது உண்மை. மூன்றாம் முறை தை கடைசியில். அப்போது பெங்களூரைப் பற்றிப் பேசவே இல்லை. "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "சரிண்ணே" என்று வைத்துவிட்டார். சுமுகமான பேச்சு. அந்த வேலை போய்விட்டது என்று பிறகு வேறு ஒருவர் சொன்னார். இப்போது தூத்துக்குடியில் மச்சானுடைய ஐஸ் பிளான்டில், மீன் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிற இடத்தில், மேற்பார்வை பார்க்கிறாராம்.

அதற்குப் பிறகு நான் தொடர்பை விடவில்லை. ஈஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன். கிறிஸ்துமஸுக்கு அனுப்பினேன். பொங்கலுக்கும் அனுப்பினேன், அவர் கொண்டாடாவிட்டாலும். இதோ பாருங்கள், எல்லாம் இருக்கிறது. ஒற்றை டிக். என் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறார் என்கிறீர்களா? அப்படிச் சொல்ல முடியாது அண்ணாச்சி. ஒற்றை டிக் என்றால் இன்னும் போய்ச் சேரவில்லை என்று மட்டும்தான் பொருள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே. சொல்லாதவரைக்கும் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

அழைத்தாலும் என் எண்ணிலிருந்து ஒரு மணி அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கும் ஆயிரம் காரணம் இருக்கும்.

இப்போது ஏன் போகிறேன் என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் தூதை எடுத்துவிடப் போகிறார்கள். உலகமெல்லாம் பயன்படுத்துகிற, யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய நிரல் ஒன்று வருகிறது. படித்துப் பார்த்து ஒப்புதல் தாருங்கள் என்று என்னிடமே கொடுத்தார்கள். படித்தேன். சும்மா நின்ற இணைப்பைக் கொஞ்ச நேரத்தில் தூக்கிப் போடுகிறது. எடுக்கும் முன் உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறது. எதையாவது பதிவு செய்யச் சொல்லும் தாளைத் தானாக இரண்டாம் முறை அனுப்புவதே இல்லை. மிராண்டா எழுதியதைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. பார்த்திருக்க முடியாது. அதை நாங்கள் அழித்துவிட்டோம். ஒப்புதல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிறுத்தற்குறி மட்டும் தவறாக இருந்தது. அதையும் குறித்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதத்தை அச்சடித்தேன். இந்த உறையில் இருக்கிறது. நான்கு வரி. ஜூன் பதினான்கு அன்று என்ன நடந்தது, யார் நின்றார், யார் தட்டினார், சேவ் பண்ணவா என்று யார் யாரைக் கேட்டார், எல்லாம் இருக்கிறது. கனகவல்லி மேடத்துக்கு எழுதியது. இது போனால் அவர் பெயரிலிருந்து அந்தக் கறை போகும், இன்னொரு வேலைக்கு அவர் எழுதிப் போடலாம். முப்பத்து மூன்று வயதுதான் ஆகிறது. ஐஸ் உடைக்கிற வயதா?

மேடமா? எங்கே போவார், அங்கேதான் இருக்கிறார். என் மேசையிலிருந்து பன்னிரண்டு எட்டு.

நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள் என்று தெரியும். பன்னிரண்டு எட்டு நடந்து கொடுக்காமல் நூற்றைம்பது கிலோமீட்டர் ஏன் பஸ் ஏறினாய் என்று. வாசகம் அவருக்குச் சம்மதமா என்று முதலில் பார்க்க வேண்டாமா? அவரைப் பற்றிய கடிதம். அவர் படித்து, சரிண்ணே என்று சொல்லிவிட்டால், நாளைக்கே மேடத்திடம் வைத்துவிடுவேன். அவர் கதவைத் திறப்பாரா என்பதுதான் தெரிய வேண்டும். அது தெரியாமல் அவர் வாசலில் போய் நிற்பது நாகரிகம் இல்லை.

உங்கள் போனைக் கொஞ்சம் தருகிறீர்களா? என்னுடையது நன்றாகத்தான் இருக்கிறது. என் எண்ணிலிருந்துதான் போகவில்லை. ஒரு நிமிடம். நன்றி.

எண் மனப்பாடம். எண்கள் எனக்கு மறப்பதில்லை.

அடிக்கிறது. பாருங்கள், முழுசாக அடிக்கிறது.

...

கேட்டீர்களா? கொஞ்சம் சத்தமாகத்தான் வந்தது, உங்களுக்கும் கேட்டிருக்கும். மிராண்டாதான். "அலோ, யாரு?" என்றார். பின்னால் ஐஸ் உடைக்கிற இயந்திரத்தின் இரைச்சல். "யாருங்க, பேசுங்க" என்றார். அப்புறம் அவரும் பேசவில்லை. வைக்கவும் இல்லை. இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரென்று தெரிந்துவிட்டதோ என்னவோ. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு வினாடி. எட்டாவதில் வைத்துவிட்டார்.

ஏன் பேசவில்லை என்றால், பேசத்தான் வாயைத் திறந்தேன். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'நான்தான்' என்று தொடங்கலாம். எந்த நான் என்று அவர் கேட்டால் அதற்குப் பதில் வேண்டும்.

போகட்டும். இணைப்பு உயிரோடு இருக்கிறது. அதைத்தான் தெரிந்துகொள்ள நினைத்தேன், தெரிந்துவிட்டது. இது எட்டயபுரம்தானே? இங்கே இறங்கினால் எதிர்ப்பக்கம் மதுரை பஸ் கிடைக்கும் இல்லையா? டிக்கெட் தூத்துக்குடி வரைக்கும்தான், பரவாயில்லை. இன்றைக்கு அவருக்கு வேலை நேரம். ஒருநாள் சாவகாசமாக வருகிறேன்.

உறையா? வேண்டாம் அண்ணாச்சி, நீங்கள் கொண்டுபோய்க் கொடுப்பது சரிப்படாது. இன்னும் ஒட்டவில்லை. மூன்றாவது வரியில் ஒரு சொல்லைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் போன் அடிக்கிறது பாருங்கள். அவர் எண்தான். கடைசியில் நாற்பத்தேழு, அவரேதான்.

எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம், போன் உங்களுடையது. என்னிடம் நீட்டாதீர்கள். மணி அடிப்பதால் இணைப்பு வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். தவறு. ஒருவர் எடுத்து, நான்தான் என்று சொன்ன பிறகுதான் அது இணைப்பு.

சாக்கைக் கொஞ்சம் நகர்த்துங்கள், கரண்டி இடிக்கிறது. கண்டக்டர், ஆள் இறங்கணும். நாளைய மண்டபத்துக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள் அண்ணாச்சி, மறக்காமல். அவர்கள் இருக்கிறார்கள் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது பாருங்கள். எட்டு வினாடி எப்போதோ தாண்டிவிட்டது.